விட்டு விட்டு ஊதிய சங்கு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது, பாவம் அன்றைக்கு மட்டும் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து என்னை மன்னித்துவிடுவீர்கள். அப்படி இல்லை. நெய்வேலியில் கால் வைத்த நாளிலிருந்தே நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டில். அங்கே கிணற்றில் தண்ணீர் இல்லையே என்றுதான் பயப்படுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்தபோது என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பம்ப் பகுதியில் எலக்ட்ரீஷியன். வந்த முதல் வாரமே, புதுப் பெண்டாட்டியிடம் தன் வேலையின் பெருமையைக் காட்ட ஆசைப்பட்டு ஒரு விஷயம் சொன்னார். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதாம். குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வரத் துடிக்கிற தண்ணீர். இவருடைய பம்புகள் ராத்திரி பகலாக அதை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் மேலே ஆட்கள் நின்று வேலை செய்ய முடிகிறதாம்.

"பம்பு நின்னு போச்சுன்னா?" என்று கேட்டேன்.

அவர் உள்ளங்கையைத் தரையில் வைத்து மெல்ல மெல்ல மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போயிருக்கும் எட்டு மணி நேரமும் பயம்தான். வீட்டுக்குள் சைக்கிளை ஏற்றும் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும்.

டவுன்ஷிப்பில் எங்களுக்கு எல்லாமே சங்குதான். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஷிப்ட் மாறும்போது ஒரே நீளமாக ஊதும். அதைக் கேட்டு உலை வைப்போம், அதைக் கேட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டுவோம், கடிகாரம் முந்தினாலும் பிந்தினாலும் அதைக் கேட்டுத்தான் திருத்துவோம். எந்த ஜில்லாவிலிருந்து வந்தவர்களும் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் அந்தச் சங்கு இன்னொரு மாதிரியும் ஊதும் என்று எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரிதான்.

அவள் திருவதிகைக்காரி. நிலமில்லாத கூலிக் குடும்பம். அவள் சின்னவளாக இருக்கும்போது அவள் அப்பா பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு எங்கோ வெளி மாநிலத்தில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் போய், அங்கேயே மண்ணுக்குள் செத்துப்போனார். இப்போது அவள் புருஷன் இங்கே சுரங்கத்தில் பெர்மனென்ட். ஒருநாள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி மூன்று முறை விரித்து மூடிக் காட்டினாள்.

"சங்கு இப்டி வந்துதுன்னா..." என்றாள். கண்ணைச் சுரங்கத்துப் பக்கம் காட்டினாள்.

"விட்டு விட்டா?" என்று நான் வாயைத் திறந்ததும் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். "சொல்லாத. வெளக்கு வெக்கிற நேரத்துல வாயால சொல்லாத."

பிறகுதான் கவனித்தேன். எங்கள் பிளாக்கில் ஒருத்தியும் அதை வாயால் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று பயம். ஆண்களைக் கேட்டால், "அதெல்லாம் ஒனக்கெதுக்கு" என்று பேச்சை மாற்றுவார்கள். நான் வந்த பிறகு ஒரு தடவைகூட அப்படி ஊதியதில்லை. ஊதாத அந்தச் சங்குக்காக நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். நானும் அந்த வழக்கத்துக்குள் விழுந்தேன். வீட்டுக்கு வந்த ஒருவரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை, என் தம்பியிடம்கூட.

தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். படிப்பை முடிக்காமல் சென்னைக்கு ஓடிப்போய் ஒரு எடிட்டிங் அறையில் பிலிம் வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தான். நாலு வருஷம் அடுத்தவர் படத்தை ஒட்டிய பிறகு, தன்னைப் போலவே கையில் காசில்லாத நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு படம் எடுக்கக் கிளம்பினான். அதில் பாட்டு இல்லை, சண்டை இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் அப்பாவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். படத்தை யாராவது ஒரு கொட்டகைக்காரர் எடுத்து ஓட்டினால், அப்பா இனி அவன் வழிக்கு வரமாட்டார். ஒருவரும் எடுக்கவில்லை என்றால், அவன் சினிமாவைத் தலைமுழுகிவிட்டு அத்தானோடு சுரங்கத்தில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும். என் வீட்டுக்காரர் அதற்கான விண்ணப்பப் பாரத்தைக்கூட வாங்கி வைத்துவிட்டார்.

படத்தின் கதை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அது ஒரு பயந்தாங்கொள்ளியின் கதை. பதினைந்து வயதுப் பையன். நாய்க்குப் பயம், இருட்டுக்குப் பயம், அப்பாவுக்குப் பயம். அவர்கள் உழுத காடு சுரங்கத்துக்குப் போய்விடுகிறது. ஊரே மாறுகிறது. அவன் ஒவ்வொரு பயமாக உதறி, கடைசியில் வேலைக்குப் போகும் முதல் நாள் தனியாக நடந்து சுரங்கத்து வாசலுக்குள் போகிறான். அவ்வளவுதான் கதை. மந்தாரக்குப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது நாள் எடுத்தார்கள். சென்னையில் காலேஜில் படிக்கும், வயதுக்குச் சின்னவனாகத் தெரிகிற ஒருவன் பையனாக நடித்தான். எல்லாருக்கும் என் வீட்டில்தான் சாப்பாடு. என் சாம்பாரைக் குடித்துத்தான் அந்தப் படம் வளர்ந்தது என்று அவர்களைக் கேலி செய்வேன்.

சங்கு என் யோசனை. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைசிக் காட்சியில் வயலின் வாசிக்க வைக்கலாம் என்றுதான் தம்பி நினைத்திருந்தான். "இங்க சங்கு ஊதாம யாருடா உள்ள போறா? அவன் நடக்கறப்ப சங்கு ஊதணும். நெசச் சங்கு" என்று நான்தான் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் விடிவதற்கு முன் அவனை உலுக்கி எழுப்பி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பியதும் நான்தான். இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய், ஆறு மணிச் சங்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கள் முற்றத்தில் போட்டுக் காட்டினான். அச்சு அசல் எங்கள் சங்கு. எனக்குப் பெருமையாக இருந்தது.

படம் முடிந்து சென்னையில் ஏழெட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டினான். நல்லாயிருக்கு என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்களே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. மிச்சமிருந்தது குள்ளஞ்சாவடியில் டூரிங் கொட்டகை வைத்திருந்த ஒருவர். ஐம்பது வயதிருக்கும். அவர் கொட்டகையிலும் இந்தப் படம் ஓடுகிற சின்ன மிஷின்தான் இருந்தது. "நான் படத்தப் பாக்கறதில்ல தம்பி, ஜனங்களப் பாப்பேன். உங்க அக்கா இருக்கிற எடத்துல போடு. அவங்க எப்டிப் பாக்கறாங்கன்னு நான் பின்னால உக்காந்து பாத்துக்கறேன். அவங்களுக்குப் புடிச்சா என் கொட்டகையில ஓடும்" என்று சொல்லிவிட்டார். ஆக, தம்பியின் தலைவிதி எங்கள் பிளாக்கு ஜனங்களின் கையில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. படத்தைப் பார்க்க முடியாதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

பிளாக்குக்கு நடுவே இருந்த மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். மந்தாரக்குப்பத்து ரேடியோ செட்டுக்காரரிடம் இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர் எடுத்து வந்து வேப்பமரத்தில் கட்டினான் தம்பி. கடைசி வீடுவரை கேட்க வேண்டுமாம். பொழுது சாய்ந்ததும் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் பெண்கள், பாதிப் பேர் முதல் ஷிப்ட் முடித்து வந்த ஆண்கள். கொட்டகைக்காரர் வெள்ளைச் சட்டையோடு கடைசியில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஜமக்காளம் விரித்து, இரண்டு வயதாகாத என் மகளை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்தேன். அவள் புருஷனுக்கும் அன்று இரண்டாவது ஷிப்ட்தான். நான் படத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி ஜனங்களின் முகத்தையும், அந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பத்து நிமிஷம் யமகண்டம். பாட்டு எப்போ வரும் என்று முன்வரிசையில் கேட்டார்கள். "இது என்னங்க, நம்ம ரோட்டையே காட்டறான்" என்றார் ஒருவர். ஒரு கூட்டம் வெற்றிலைக்கு எழுந்து போயிற்று. தம்பி மிஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிற்கிற பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பிறகு பையனை நாய் துரத்தும் காட்சி வந்தது. அவன் ஓடிப்போய் ஒரு முருங்கை மரத்தில் ஏற, கிளை முறிந்து நாய் மேலேயே விழ, நாய் அலறிக்கொண்டு ஓடியது. மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஜனங்கள் பையனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அவன் அப்பா அவனை அடித்தபோது ஒரு கிழவர், "கைய எடுடா" என்று திரையைப் பார்த்து அதட்டினார். அவர்கள் காட்டில் மண் தள்ளும் வண்டி இறங்கியபோது, இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் உட்கார்ந்திருந்த மூலை அப்படியே அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "புள்ள எப்டி மூஞ்ச வெச்சுகினு நிக்கிது பாரு" என்றாள். இருட்டில் அவன் முதல் முறையாகத் தனியாக நடந்தபோது நாலைந்து பெண்கள், "போ கண்ணு, போ, ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்தார்கள். வெற்றிலைக்குப் போன கூட்டம் திரும்பி வந்து நின்றபடியே பார்த்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் தம்பி பிழைத்துக்கொண்டான் என்று நினைத்தேன். மகள் தூங்கிவிட்டாள். அவளை ஜமக்காளத்தில் படுக்க வைத்துவிட்டுக் கடைசிக் காட்சிக்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது சங்கு வரும், என் சங்கு வரும் என்று காத்திருந்தேன்.

பையன் புதுச் சட்டை போட்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். சங்கு ஊதியது. இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் பிளாக்கே அதிர ஊதியது. ஒரு நொடி திகைத்துவிட்டு ஜனங்கள் கை தட்டினார்கள். "நம்ம சங்குடா" என்று முன்னால் யாரோ கத்தினார்கள். ஒருவர் விசில் அடித்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சங்கு நின்றது. பையன் இன்னும் நடந்துகொண்டிருந்தான். சங்கு மறுபடி ஊதியது.

கைதட்டல் அறுந்துபோயிற்று. அந்த இரண்டாவது சங்கு ஊதி முடிகிற வரைக்கும் மைதானத்தில் ஒருவரும் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது நின்றது. பிறகு மூன்றாவது முறை ஊதியது.

நடந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. அவன் பிடித்து வந்த சங்கைவிடப் பையன் நடக்கிற காட்சி நீளம். அதனால் தம்பி சென்னையில் உட்கார்ந்து, அதே சங்கை மூன்று முறை, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு ஒட்டியிருந்தான். காட்சி முழுக்கச் சங்கு கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் எண்ணம். விட்டு விட்டு ஊதினால் இங்கே என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை.

மூன்றாவது சங்கு முடிவதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். படத்துக்கு வராமல் வீட்டுக்குள் இருந்தவர்கள் கதவைத் திறந்துபோட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது படம் என்றே தெரியாது. அவர்கள் ஓடுவதைப் பார்த்து மைதானத்தில் இருந்தவர்கள் ஓடினார்கள். இவர்கள் ஓடுவதைப் பார்த்து அடுத்த தெரு ஓடியது. யாரும் கத்தவில்லை. செருப்பில்லாத கால்கள் தார் ரோட்டில் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

எனக்குத் தெரியும். அது டேப்பில் பிடித்த சங்கு என்று அந்தக் கூட்டத்தில் தம்பிக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். அவனை எழுப்பி அனுப்பியவளே நான்தான். ஆனால் அந்த நேரத்தில் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? படத்துச் சங்கு முதலில் ஊதியதுதான், அடுத்த இரண்டும் நிஜம், படம் ஓடும் அதே நேரத்தில் அங்கே நிஜமாகவே ஊதிவிட்டார்கள் என்றது. என் வீட்டுக்காரர் தரையிலிருந்து மெல்லத் தூக்கிய உள்ளங்கைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. நான் ஓடினேன்.

எங்கள் பிளாக்கிலிருந்து சுரங்க வாசலுக்கு ஒரு மைலுக்கு மேல். போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஐம்பது அறுபது பெண்கள் நின்றிருந்தார்கள். வாசலில் நின்ற காவல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இங்க சங்கே ஊதலம்மா. ஒண்ணும் ஆகல. வீட்டுக்குப் போங்க" என்று இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "எங்கப்பன் செத்த அன்னிக்கும் கேட்டுல நின்னுகினு இருந்தவன் இதத்தான் சொன்னான். ஒண்ணுமில்ல, வூட்டுக்குப் போன்னான். எங்கம்மா நம்பிகினு திரும்பி வந்துட்டா. நான் போகமாட்டேன்."

அதைக் கேட்ட பிறகு ஒருத்தியும் அசையவில்லை. தம்பி மூச்சு வாங்க ஓடி வந்து மதகுச் சுவரில் ஏறி நின்று, "அது படம்ங்க. நான்தான் ஒட்டினேன். ஒரே சங்க மூணு தடவ ஒட்டிட்டேன்" என்று கெஞ்சினான். யாரோ ஒருத்தி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இன்னொருத்தி, "இவனப் பேசச் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க" என்றாள். அவன் திரும்பி என்னைத் தேடினான். அக்கா, நீயாவது சொல்லேன் என்று கேட்கிற கண். நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்க்கும்வரை எனக்கும் நம்பிக்கை இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி என் இடுப்பைப் பார்த்தாள். "கொழந்த எங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு நொடி அர்த்தமே புரியவில்லை. பிறகு புரிந்தது.

திரும்பி ஓடிய அந்த ஒரு மைலைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நாய்கள் ஞாபகம் வந்தது. ஓடிய கால்கள் ஞாபகம் வந்தது. அத்தனை பேரும் எந்தப் பக்கமாக எழுந்து ஓடினார்கள், ஜமக்காளத்தை மிதித்துக்கொண்டு போயிருப்பார்களா என்று யோசித்து யோசித்து, வழியில் நின்று வாந்தி எடுத்தேன். இரண்டு வயதாகாத குழந்தையைக் கட்டாந்தரையில் போட்டுவிட்டு ஓடியவள், அது தன் குழந்தை என்று நினைவு வர வேறொருத்தி கேட்க வேண்டியிருந்தது.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. பிலிம் தீர்ந்துபோன மிஷின் வெறும் வெளிச்சத்தைத் துணியில் அடித்துக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலியில் கொட்டகைக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் மகள். தோளில் கிடந்த துண்டால் அவளைப் போர்த்தியிருந்தார். தூக்கம் கலையவே இல்லை அவளுக்கு. நான் அவளைப் பிடுங்குகிற மாதிரி வாங்கினேன். கையைக் காலைத் தடவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகல. மிதிக்கிற மாதிரி காலுங்க வந்துது, தூக்கிட்டேன்" என்றார்.

நான் அழுதேன். அவர் அழுது முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு எழுந்தார். "அந்தத் தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நல்ல படம்மா. நானே அழுதுட்டேன். ஆனா எனக்கு வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க ஊர்ல யாரும் ஓட மாட்டாங்கய்யா. இங்க இருக்கிறவங்களுக்குத்தான் அந்தச் சங்கு தெரியும்" என்றேன்.

"குள்ளஞ்சாவடியில பாதி வூட்டுல ஒருத்தன் இங்க கான்ட்ராக்ட்ல வேல செய்யறான். அவங்களுக்கும் காது இருக்குதும்மா" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "பெத்தவ புள்ளய மண்ணுல போட்டுட்டு ஓடற சத்தம் அது. அத வெட்டி எடுத்துட்டாலும், அந்தப் படத்தப் போடறப்பல்லாம் எனக்கு இதான் ஞாபகம் வரும். என் கொட்டகையில வேணாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆண்கள் வெளியே வந்து, ஒவ்வொருத்தியும் தன் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாசலில் நின்ற கூட்டம் கலைந்ததாம். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, படம் பார்க்காமலேயே படத்தால் இத்தனை கூத்து என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தம்பி கேட்டான். "ஏன்க்கா, விட்டு விட்டு ஊதினா இதுதான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அத யாரும் வாயால சொல்றதில்லடா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்குத் தெரிந்தது. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"கொட்டகைக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

"சங்கு பயமா இருக்காம். வேணாம்னுட்டார்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் அழுததைச் சொல்லவில்லை. நல்ல படம் என்று சொன்னதையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், பிறகு ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்பான். குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அது வீட்டுக்காரர் காதுக்குப் போகும், கோவில்பட்டிக்குக் கடிதமாகப் போகும், நான் பிள்ளையைத் தெருவில் போட்டுவிட்டு ஓடியவள் ஆவேன். அந்தப் பயத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். அவள் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.

"ஒட்டு ரெண்டையும் வெட்டிட்டு இன்னொரு கொட்டகைக்காரர்கிட்டப் போட்டுக் காட்டேன்டா" என்றேன், மனசு கேட்காமல்.

"நேத்து அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாத்துட்டேன்க்கா. அதுல ஒனக்கும் ஒரு மூஞ்சி இருந்துச்சு. இனிமே அந்தப் படத்தப் போட எனக்குக் கை வராது. அவ்வளவு நல்ல படமும் இல்ல போல. நல்லா இருந்திருந்தா அந்தாள் ஒரு வார்த்த சொல்லியிருப்பார்" என்றான்.

அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமே என்றால், கேட்பதற்கு அவன் இல்லை. பணி ஓய்வு பெற்று, சாதாரணக் காய்ச்சலில் படுத்து, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பாரத்தில் அவன் கையெழுத்துப் போட்டது அதே வாரத்தில். வேலைக்குக் கூப்பிட இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் குழாயடியிலும் கடையிலும் பெண்கள் என்னை நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தியும் திட்டவில்லை. "ஏங்க, கடைசியில அந்தப் புள்ள உள்ள போச்சா?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் பிளாக்கில் ஒருவரும் படத்தின் முடிவைப் பார்க்கவில்லை. போனான் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பயமில்லாமல் போனானா என்று சிலர் மேலே கேட்பார்கள். பயமில்லாமல் போனான் என்று சொல்வேன்.

தம்பியை முதல் ஷிப்டில் போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். விடியற்காலையில் தம்பியை உலுக்கி எழுப்பி, டீ போட்டுக் கொடுத்தேன். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. ஒரே நீளமாக ஊதி நின்றது. அது நின்ற பிறகும் மறுபடி ஊதுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மதியம் இரண்டு மணிக்குச் சுரங்க வாசலில் ஒருவன் வெளியே வந்தான், ஒருவர் உள்ளே போனார். அதுவரை நாளுக்கு எட்டு மணி நேரம் பயந்துகொண்டிருந்தவள், அன்றிலிருந்து பதினாறு மணி நேரம் பயந்தேன்.